முயலுக்குக் கொக்கு இல்லை: சீன மரபுத்தொடர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் சீனம் படிக்கும் ஒரு தம்பி தன் மொழிபெயர்ப்பைக் காட்டினான். இரண்டாம் பக்கத்திலேயே கொக்கு நின்றது. பதினோரு வருடத்துக்கு முன் நான் கொண்டுபோய் நிறுத்திய அதே கொக்கு. உச்சரிப்புப் பிசகு, எழுத்து மாறாட்டம் எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நம் பழமொழியைத் தூக்கி அங்கே வைப்பது

'ஷோ ஜூ தாய் து' என்பது நான்கெழுத்து மரபுத்தொடர், அதாவது செங்யூ. மரத்தின் அடிக்கட்டையைக் காவல் காத்து முயலுக்காக உட்கார்ந்திருப்பது. காத்திருப்பது என்றதும் நமக்கு உறுமீன் கொக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது.

சீரியல் லைட் இறக்குமதி செய்யும் வியாபாரி ஒருவருக்குக் கடிதங்களை மொழிபெயர்த்துக் கொடுத்துவந்தேன். முந்தைய வருடம் யாரோ ரத்து செய்த சரக்கு அவருக்குப் பாதி விலையில் கிடைத்திருந்தது. மறுபடி அதே விலையைக் கேட்டார். சீனாவிலிருந்து வந்த பதிலில் இந்தச் செங்யூ இருந்தது. "உறுமீன் வரட்டும் என்று கொக்கு போலக் காத்திருக்க வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் என்ன புரிந்துகொண்டார்? உறுமீன் இருக்கத்தான் செய்கிறது, நம்மை அவசரப்படுத்த இப்படிச் சொல்கிறார்கள் என்று. இரண்டு மாதம் பொறுத்தார். விலை இறங்கவில்லை. முழு விலை கொடுத்து வாங்கிய கண்டெய்னர் தீபாவளி முடிந்து துறைமுகம் வந்தது.

கொக்குக்கு மீன் வரும். அந்த முயல் வரவே வராது.

கதை, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சீனச் சிந்தனையாளர் ஹான் ஃபெய் எழுதிய 'ஐந்து புழுக்கள்' என்ற கட்டுரையில் வருகிறது. அன்றைய சீன அரசுகளில் ஒன்றான சுங் நாட்டு உழவன் ஒருவனின் வயலில் ஓடிவந்த முயல், கட்டையில் மோதிக் கழுத்து முறிந்து செத்தது. அவன் கலப்பையைப் போட்டுவிட்டு அடுத்த முயலுக்காக அங்கேயே உட்கார்ந்தான். நாடே சிரித்தது. (சுங் நாட்டாரை முட்டாள்களாகக் காட்டுவது அக்காலத்து வழக்கம். வளரட்டும் என்று பயிரைப் பிடித்து இழுத்தவனும், மென்சியஸ் என்ற சீனத் தத்துவஞானி சொல்லும் கதையில், அந்த நாட்டுக்காரன்தான்.) ஹான் ஃபெய் குறிவைத்தது உழவனை அல்ல, பழைய மன்னர்களின் முறையை வைத்து இன்றைய மக்களை ஆள நினைப்பவர்களை. ஒருமுறை தற்செயலாக நடந்தது மறுமுறையும் நடக்கும் என்ற நினைப்புதான் இதன் உயிர். "போன வருடம் கிடைத்தது தற்செயல், இனி கிடைக்காது" என்று நேராக எழுதியிருந்தால் அந்த மனிதருக்கு ஒரு பருவ வியாபாரம் போயிருக்காது. இன்னும் எனக்கு மனம் ஆறவில்லை.

எல்லாவற்றுக்கும் கன்ஃபூசியஸ் பெயரைப் போடுவது

தெரியாவிட்டால் பெயரே போட வேண்டாம்.

எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பொருள் சொல்வது

'சீ யுவே லியூ ஹுவோ': ஏழாம் மாதம், நகரும் நெருப்பு. உடனே கொளுத்தும் வெயில் என்று எழுதிவிடுகிறார்கள். ஷி சிங் என்ற பழைய கவிதைத் தொகையில் இந்த நெருப்பு ஒரு விண்மீன். நாம் கேட்டை என்கிறோமே, அதேதான். அது மேற்கே சரிந்தால் குளிர் நெருங்குகிறது. ஒன்பதாம் மாதம் உடை கொடுக்கும் காலம் என்று அடுத்த வரி போகிறது. சரி, ஆனால் இன்றைய சீனர்கள் பலர் வெயிலுக்கே இதைச் சொல்கிறார்கள். அதனால் எழுதியவர் எந்தக் காலத்தவர், அங்கே பேச்சு வெயிலைப் பற்றியா குளிரைப் பற்றியா என்று முன்பின் வரிகளைப் படித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.