மலக்குழியின் விளிம்பில் கேமராவோடு நிற்பவர்களுக்கு

மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்ற ஆள் அமர்த்துவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. பாதாளச் சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்கினால், முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம். தண்டனை இறக்குபவருக்குத்தான், இறங்குபவருக்கு இல்லை. துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க விரும்புபவர் முதலில் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நீங்கள் எடுக்கும் காட்சி ஒரு குற்றத்துக்கான சாட்சியம். ஆனால் அதில் முகம் தெரிவது குற்றம் செய்தவருடையது அல்ல. படம் வெளியான மறுநாள் காலையில் "இனி வர வேண்டாம்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டால் அத்தோடு அந்த வீட்டின் வருமானம் நின்றுபோகும். பணி நியமன ஆணையே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பணிநீக்க ஆணை எங்கிருந்து வரும்? ஆகவே படம் தொடங்கும்போதே கேட்க வேண்டியது, இந்தப் படத்துக்கான விலையை யார் கொடுக்கப்போகிறார்கள் என்பதுதான். கீழே சொல்பவை எல்லாம், அந்த விலை அவர்கள் தலையில் விழாமல் இருக்கப் பதினைந்து ஆண்டு ஒளிப்பதிவு வேலையில் நான் கற்றுக்கொண்டவை. சிலவற்றைத் தவறு செய்துதான் கற்றேன்.

கேமராவை எடுப்பதற்கு முன்

முதல் சில வாரங்கள் கேமரா இல்லாமல் போங்கள். விடியற்காலையில் வருகைப் பதிவு எடுக்கும் இடத்துக்குப் போகலாம். ஆனால் மேஸ்திரியோடும் அதிகாரியோடும் போய் நிற்காதீர்கள். அவர்கள் அறிமுகப்படுத்தி வைத்தால், தொழிலாளர் சொல்லும் "சரி" என்ற சொல்லுக்குள் எவ்வளவு சம்மதம் இருக்கிறது, எவ்வளவு பயம் இருக்கிறது என்று யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. தொண்டு நிறுவனத்தின் வழியாகப் போனாலும் இதே சிக்கல் உண்டு. அந்த நிறுவனத்திடம் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி பெறும் தாய் எப்படி மறுப்பார்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மனநோய்க் குற்றவாளிகளை அடைத்து வைத்திருந்த பிரிட்ஜ்வாட்டர் மருத்துவமனையைப் பற்றி ஃபிரெடெரிக் வைஸ்மன் எடுத்த ஆவணப்படம் 1967இல் வெளிவந்தது. நிர்வாகம் அனுமதி கொடுத்திருந்தது. ஆனாலும் உள்ளே இருந்தவர்களின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி அந்தப் படத்தின் பொதுத் திரையிடலை நீதிமன்றம் தடுத்தது. 1991 வரை தடை நீடித்தது. நிர்வாகம் தன்னைக் காத்துக்கொள்ளவே வழக்குத் தொடுத்தது என்பார்கள். அதில் உண்மையும் இருக்கலாம். என்றாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: ஒருவருடைய உடலைக் காட்ட இன்னொருவர் எப்படி அனுமதி தர முடியும்?

ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைக் கவனியுங்கள். குழுக் கடனுக்கும் வேறு எதற்கெதற்கோ படிக்காமல் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட அனுபவம் பல வீடுகளில் இருக்கிறது. காகிதம் என்றாலே அச்சம்தான். அதனால் வாய்மொழியாகப் பேசி, அதை ஒலிப்பதிவு செய்யுங்கள். தமிழகத்தின் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். தேவையானால் அந்த மொழி தெரிந்த, அவர்கள் நம்பும் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். "டாக்குமென்டரி எடுக்கிறோம்" என்று மட்டும் சொல்வது போதாது. இது யூடியூபில் வரும், அங்கிருந்து வாட்ஸ்அப்புக்குப் போகும், வீட்டு உரிமையாளர் பார்ப்பார், மகன் வேலை செய்யும் இடத்தில் பார்ப்பார்கள், பத்து ஆண்டு கழித்து மகளுக்கு வரன் பார்க்கும்போதும் இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சாதியைச் சொல்லாமல் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்கள் நகரங்களில் உண்டு. அவர்களுக்குப் படம் என்பது வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பாகவே முடியலாம்.

ஒப்புதலை மூன்று முறை கேளுங்கள்: படப்பிடிப்புக்கு முன்பு, எடுத்து முடித்த அன்று மாலை, முதல் படத்தொகுப்பைக் காட்டிய பிறகு. மூன்றாவது முறைதான் உண்மையான ஒப்புதல், ஏனென்றால் அப்போதுதான் தாம் எதற்குச் சம்மதித்தோம் என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர் வேண்டாம் என்றால் காட்சியை எடுத்துவிட வேண்டும். படத்தின் ஆகச் சிறந்த காட்சியாக அது இருந்தாலும் இதில் பேச்சுக்கு இடமில்லை.

சாவு விழுந்த வீட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். தொட்டிக்குள் மூச்சுத் திணறி இறந்தவரின் மனைவி அழும் காட்சி இல்லாமல் இவ்வகைப் படமே இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது. முதல் நாட்களில் அங்கே கேமராவைக் கொண்டுபோகாதீர்கள். 1993க்குப் பிறகு நேர்ந்த சாக்கடை மரணங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. அதை வாங்குவதற்குள் குடும்பம் நடையாய் நடக்க வேண்டியிருக்கும். இடையில் ஒப்பந்ததாரர் தரப்பு சமரசம் பேச வரும். துக்கத்தின் நடுவே அந்தப் பெண் கேமராவில் சொல்லும் ஒரு வாக்கியம், "ஒப்பந்ததாரர் நல்லவர்தான், தெரியாமல் நடந்துவிட்டது" என்பதுபோல ஒன்று, வழக்கில் அவருக்கே எதிராக நிறுத்தப்படலாம். வழக்கறிஞரிடம் கேட்காமல் அந்தப் பேட்டியை எடுக்க வேண்டாம். கேமரா வந்தால் பணம் வரும் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறாரா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, வராது என்றால் வராது என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

குழியின் அருகில்

காட்சிக்காக யாரையும் உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள். இதற்கு விதிவிலக்கே கிடையாது. "வழக்கமாகச் செய்வதைத்தானே செய்யச் சொல்கிறோம்", "கழுத்து வரைக்கும் மட்டும்", "ஃபோகஸ் சரியாக வரவில்லை, இன்னொரு முறை" ஆகிய மூன்றையும் படப்பிடிப்புத் தளங்களில் நான் கேட்டிருக்கிறேன். ஆவணப்படக் கலையின் தொடக்ககாலப் படைப்பாகப் போற்றப்படும் 1922ஆம் ஆண்டுப் படத்தில், துப்பாக்கியால் வேட்டையாடிய இனுயிட் மக்களை (வடதுருவப் பகுதியின் பழங்குடிகளை) ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி ஈட்டியால் வேட்டையாட வைத்தார். அந்த நாள் முதல் இந்தக் கலையோடு கூடவே வரும் நோய் இது. மலக்குழியில் அது கொலையாகவும் முடியலாம். அங்கே உருவாகும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு செறிவாக இருக்கும்போது அதை முகரும் திறனே முதலில் போய்விடும். நாற்றம் குறைந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் ஆள் மயங்கிச் சரிகிறார், காப்பாற்ற இறங்குபவரும் சரிகிறார். நீங்கள் இல்லாவிட்டாலும் அவர் இறங்கத்தான் போகிறார் என்றால் என்ன செய்வது? சாட்சியம் வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் முடிவு வேறு. கேமராவைக் கீழே வைத்துவிட்டுத் தடுக்கப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் உடனே உதவிக்கு ஆள் அழைக்கத் தயாராக இருக்க வேண்டும்.

கோணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழிக்கு மேலே நின்று கீழே பார்த்து எடுத்தால், அவரை வேலை வாங்குபவன் நிற்கும் இடத்திலேயே பார்வையாளரும் போய் நிற்கிறார். முடிந்தவரை அவர் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கேள்வி கேட்காதீர்கள். தாங்க முடியவில்லை என்றால் சற்றுத் தள்ளிப் போய்விட்டுத் திரும்பி வரலாம். வீட்டில் தேநீர் கொடுத்தால் குடியுங்கள். குடிப்பதைப் படம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூசாதீர்கள். படப்பிடிப்பால் வேலைக்குப் போக முடியாத நாளுக்கு அன்றைய கூலியைக் கொடுப்பது கடமை. அதைச் சாட்சிக்குக் கொடுக்கும் கையூட்டு என்று சொல்பவர்கள் தாம் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் அங்கே நிற்கிறார்கள். படம் பரிசு வாங்கினால், விற்றால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை முன்கூட்டியே எழுதி அவர்களிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். முதுமலை தெப்பக்காட்டில் எடுக்கப்பட்டு 2023இல் ஆஸ்கர் வென்ற குறும் ஆவணப்படத்தில் தோன்றிய பழங்குடித் தம்பதி, தங்களுக்குத் தந்த வாக்குறுதிகள் காப்பாற்றப்படவில்லை என்று அதே ஆண்டில் வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்பினர். தயாரிப்புத் தரப்பு அதை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று வெளியில் இருந்து நான் சொல்ல மாட்டேன். காகிதத்தில் எழுதித் தெளிவாக்காத எதிர்பார்ப்பு இரு தரப்பையுமே எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது மட்டும் தெரிகிறது.

வெட்டும் மேசையில்

முகத்தை மங்கலாக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிட்டது என்று நான் நம்பிய காலம் உண்டு. ஒரு பெண் தொழிலாளியின் பேட்டியை அவர் வீட்டு வாசலில் எடுத்தோம். முகத்தை மங்கலாக்கினோம், பெயரை மாற்றினோம், குரலைக்கூடச் சற்றுத் தாழ்த்தினோம். அவருக்குப் பின்னால் கொடியில் மகளின் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. சட்டைப் பையில் பள்ளியின் முத்திரை. முன்னோட்டம் வெளியான மூன்றாம் நாள் அந்தச் சிறுமியின் வகுப்புக்கே தெரிந்துவிட்டது. ஒரு வாரம் அவள் பள்ளிக்குப் போகவில்லை. முன்னோட்டத்தை நீக்கினோம்; அதற்குள் அது எத்தனை கைப்பேசிகளுக்குப் போயிருந்தது என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தாய் எங்களைத் திட்டவில்லை. "நீங்கள் கவனமாகத்தான் இருப்பீர்கள் என்று நினைத்தேன்" என்றார். அன்றிலிருந்து, முகத்தை மறைத்த ஒவ்வொரு காட்சியையும் ஒலியை அணைத்துவிட்டு ஒரு முறை பார்க்கிறேன், பிறகு படத்தை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்கிறேன். கதவு எண், வண்டி எண், பச்சை குத்திய கை, வளையல், சுவரில் மாட்டிய கல்யாணப் படம், பின்னணியில் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் என்று ஏதாவது ஒன்று சிக்காமல் இருந்ததே இல்லை.

சாதிப் பெயரைச் சொல்வதா, மறைப்பதா என்பது கடினமான கேள்வி. மறைத்தால், இந்த வேலை ஏன் குறிப்பிட்ட மக்கள் தலையில் மட்டும் விழுகிறது என்ற உண்மையையே மறைத்தவர் ஆவீர்கள். நான் சொல்ல வேண்டும் என்ற பக்கம்தான். ஆனால் எவர் வாயிலிருந்து, எந்த இடத்தில் அது வருகிறது என்பதை எண்ணிச் செய்ய வேண்டும். துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றிய திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017இல் வெளிவந்தபோது பல ஊர்களில் திரையிட அனுமதி மறுக்கப்பட்டது; ஒரு சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்ற புகாரின்பேரில் இயக்குநர்மீது வழக்கும் பதிவானது. இயக்குநருக்கு வரும் வழக்கை எதிர்கொள்ள ஊடகமும் தோழர்களும் இருப்பார்கள். படத்தில் பேசிய தொழிலாளிக்கு யார் இருப்பார்கள் என்பதைத் தொகுப்பு முடிவதற்குள் தீர்மானித்துவிட வேண்டும்.

நல்லெண்ணத்தோடு எடுத்த படமும் தவறாகப் போகும். வட இந்தியாவின் புந்தேல்கண்டில் தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் ‘கபர் லஹரியா’ செய்தி நிறுவனத்தைப் பற்றிய படம் 2022இல் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்தப் பெண்களே, தங்கள் பணி முழுவதும் ஒரே ஒரு கட்சியைப் பற்றியதுபோலப் படம் காட்டுகிறது, அது முழு உண்மை இல்லை என்று வெளிப்படையாக அறிக்கை விட்டார்கள். அதனால்தான் முதல் படத்தொகுப்பைத் திரைப்பட விழாவுக்கு அனுப்புவதற்கு முன்பே, அவர்கள் தெருவில் வெள்ளைத் துணி கட்டி இரவில் போட்டுக் காட்டச் சொல்கிறேன். எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் எழுந்து போகிறார்கள் என்று பக்கவாட்டில் உட்கார்ந்து பாருங்கள். எழுந்து போனவரை மறுநாள் தனியாகச் சந்தியுங்கள்.

படம் வெளியான பிறகு குறைந்தது ஓராண்டுக்கு, அவர்கள் எந்த நேரமும் அழைக்கக்கூடிய ஓர் எண் உங்கள் குழுவில் இருக்க வேண்டும். அதை எடுப்பவர் யார் என்று பெயர் குறித்து முடிவு செய்யுங்கள். பயன்படுத்தாத காட்சிகள் கிடக்கும் ஹார்டு டிஸ்க்கில் மறைக்காத முகங்கள் இருக்கின்றன. அதைத் தொலைக்காட்சிகளுக்கு விற்காதீர்கள், வேறு இயக்குநருக்கு இரவல் கொடுக்காதீர்கள். அழிப்பதா, வைத்திருப்பதா என்று அவர்களையே கேளுங்கள். நாங்கள் கேட்டபோது ஒரு பெரியவர் எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னார். இறந்துபோன தம்பி தேநீர்க் கடையில் நின்று பேசும் நாற்பது வினாடிகளை மட்டும் தன் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு போனார்.