மபோனஸைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் நண்பரின் மகன் ஸ்காட்லாந்தின் லாக்மேபனிலிருந்து போன் செய்தான். "மாமா, ஏரியை ரெண்டு சுத்து சுத்திட்டேன், மபோனஸ் கல்லைக் காணோம்." எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவன் மேல் இல்லை. வருடங்களுக்கு முன் அதே ஏரியை அதே மழையில் சுற்றிய என் மேல்.

மழைக்கோட்டு, பூட்ஸ் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. மபோனஸ் என்ற பழைய தெய்வத்தின் தடத்தைத் தேடும்போது செய்யும் தவறுகள் மட்டும்.

ஊர்ப்பெயரை ஒலியால் பிடிப்பது

மபோனஸ், ரோமானியர் காலத்து வட பிரிட்டனில் வழிபடப்பட்ட இளம் தெய்வம். 'மகன்' என்ற சொல்லே பெயருக்கு வேர். இத்தாலியின் ரவென்னாவில் தொகுத்த பழைய இடப்பெயர்ப் பட்டியலில் 'லோகஸ் மபோனி', அதாவது மபோனஸின் இடம், என்று ஒன்று வருகிறது. லாக்மேபன்தான் அது என்பார் சிலர். சோல்வே கழிமுகக் கரையில், க்ரெட்னா அருகே வயலில் நிற்கும் க்ளாக்மேபன்ஸ்டேன் என்ற பெருங்கல்தான் என்பார் வேறு சிலர்.

வினையே அந்தக் கல்லின் பெயரில்தான். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'க்ளாக்' என்றால் கல், அங்குள்ள ஸ்காட்ஸ் மொழியில் 'ஸ்டேன்' என்றாலும் கல். நம்மூர் 'நடு சென்டர்' கதை. முன்னால் உள்ள 'க்' உதிர்ந்து 'லாக்மேபன்ஸ்டேன்' என்றும் எழுதுவார்கள். 'லாக்' என்றால் ஏரி! அதைப் படித்துவிட்டு ஏரி இருக்கும் லாக்மேபனில் அறை எடுத்தேன். கல் இருந்ததோ சுமார் 30 கி.மீ. தள்ளி. இரண்டு நாள் வாடகை, நனைந்த நோட்டு, கல்லைப் பார்க்காமலே ஊர் திரும்பினேன். 1398-இல் ஆங்கிலேய, ஸ்காட்டிஷ் எல்லை அதிகாரிகள் கூடிய இடமாக அந்தக் கல் பதிவாகியிருக்கிறது. அந்த ஆவணத்தில் 'க்' உதிரவில்லை. பழைய எழுத்துவடிவத்தை ஒரு தடவை புரட்டியிருந்தால் போதும்.

கல்வெட்டு கிடைத்த ஊரே கோயில் ஊர் என்பது

வட இங்கிலாந்தின் ரிப்செஸ்டரில் கிடைத்த ரோமானியர் காலக் கல்வெட்டு, அப்பல்லோ தெய்வத்தோடு சேர்த்து 'அப்பல்லோ மபோனஸ்' என்கிறது. அங்கிருந்த சர்மேஷிய இனத்தவரின் குதிரைப்படையின் பேரால் அதை வைத்த அதிகாரிக்குச் சொந்த ஊர் மெலிட்டீன், இன்றைய துருக்கியில். படை தங்கிய இடத்தில் கல் நட்டார்கள். தெய்வம் பிறந்த மண் அதுதான் என்று அந்தக் கல் சொல்லவில்லை. கல்லும் இப்போது கேம்பிரிட்ஜில்.

கல்லின் வயதைத் தெய்வத்துக்குக் கொடுப்பது

1982-இல் க்ளாக்மேபன்ஸ்டேன் சாய்ந்தபோது அடியில் கிடைத்த கரி, கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டு. மபோனஸின் பெயர் பிறகு வந்து ஒட்டியது.

'மேபன்' அறுவடைத் திருநாள்

பழைய தெய்வங்களை வழிபடும் இன்றைய பேகன் குழுக்கள் கொண்டாடும் நாள் இது. மபோனஸ் காலத்துத் திருநாள் அல்ல; 1970-களில் அமெரிக்கரான ஏடன் கெல்லி வைத்த பெயர்.