எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரை நிதானமான நெடும்பயணத்துக்குத் தயார்செய்வது எப்படி

இந்த வகைக் கார் வைத்திருப்பவர்களிடம் யோசனை கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்வது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் தாழ்த்து, ஸ்பிரிங்கைக் கடினமாக்கு, டயரை அகலமாக்கு. பந்தயத் தடத்துக்கு அது சரியான யோசனை. காலையில் கிளம்பி, மலைச்சாலையில் பேசிக்கொண்டே போய், மதியம் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் நடக்க வேண்டும் என்பவர்கள் அந்த யோசனையைத் தலைகீழாகப் பின்பற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நான் ஓட்டுவது முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, இருவர் மட்டும் உட்காரும், கூரை திறக்கும் சின்னக் கார். பக்கத்து இருக்கையில் எப்போதும் என் மனைவி. இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, எனக்கு முதுகும் அவ்வளவு நல்ல நிலையில் இல்லை. வேகப் பதிவுகளில் ஆர்வம் இல்லாதவர் எழுதுகிறார் என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

முதலில் எடைக் கணக்கு

எடை குறைந்த காரின் முக்கியமான பாகம் அதில் உட்காரும் ஆட்கள். 750 கிலோ காரில் இருவர் ஏறி 30 கிலோ பையும் வைத்தால் மொத்தம் 180 கிலோ கூடுகிறது. காரின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு! அதே சுமை 1,500 கிலோ காரில் எட்டில் ஒரு பங்குதான். பெரிய காருக்குச் சுமை ஒரு பொருட்டே அல்ல. சின்னக் காருக்கு ஏற்றிய பிறகு சுபாவமே மாறிவிடுகிறது.

இதை மில்லிமீட்டரில் பார்ப்போம். ஒவ்வொரு சக்கரத்திலும் ஸ்பிரிங்கின் கடினம் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் (ஒரு மி.மீ. அமுக்க 20 நியூட்டன் விசை வேண்டும்) என்று வைத்துக்கொள்ளுங்கள். 180 கிலோ ஏறினால் கார் சராசரியாக 22 மி.மீ. தாழும். பை பின்னால் இருப்பதால் பின்புறம் அதைவிடக் கூடுதலாகத் தாழும். அழகுக்காக ஏற்கெனவே 30 மி.மீ. தாழ்த்தியிருந்தால், கிளம்புவதற்கு முன்பே சக்கரம் மேலே எழ வேண்டிய இடத்தில் பெரும்பகுதி போய்விட்டது. அடுத்த பள்ளத்தில், சக்கரம் எழும் தூரத்தின் முடிவில் உள்ள ரப்பர் முட்டில் இடிக்கும். அந்த இடியைத்தான் பலர் ‘ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்று பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே உயரம், வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் கோணம் எதை அளந்தாலும், பயணத்தில் இருக்கப்போகும் எடையை ஏற்றிய பிறகே அளக்கச் சொல்லுங்கள். ஆள் வர முடியாவிட்டால் இருக்கையில் மணல் மூட்டை வைக்கலாம். மெக்கானிக் சிரிப்பார். சிரிக்கட்டும்.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்

ஸ்பிரிங் வாங்கும்போது அதன் மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்துப் பயன் இல்லை. சக்கரம் ஒரு மில்லிமீட்டர் எழும்போது ஸ்பிரிங் 0.7 மி.மீ. மட்டும் அமுங்கும் அமைப்பாக இருந்தால், சக்கரத்துக்குக் கிடைப்பது ஸ்பிரிங் கடினத்தில் 0.7-இன் வர்க்கம், அதாவது சுமார் பாதி. ஒரு காரில் மென்மையாக இருந்த அதே ஸ்பிரிங் இன்னொன்றில் பலகைபோல் இருப்பது இதனால்தான்.

சக்கரத்தில் கிடைக்கும் கடினம் தெரிந்தால் கார் நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஊசலாடும் என்று கணக்கிடலாம். ஒரு சக்கரத்தின் மேல் 200 கிலோ, கடினம் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்றால் நொடிக்கு சுமார் 1.6 ஊசல். சாலைப் பயணத்துக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் இது இதமான அளவு. அதையே 35 நியூட்டனாக உயர்த்தினால் 2.1 ஆகிவிடும், உடம்பு உடனே கண்டுபிடிக்கும். பழைய திறந்த கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூரை இல்லாததால் உடற்கூடு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். ஸ்பிரிங் கடினமானால் அந்த முறுக்கல் டாஷ்போர்டிலும் கண்ணாடியிலும் நடுக்கமாகத் தெரியும். என் காரில் கம்பெனி கொடுத்த ஸ்பிரிங்தான் இன்றும் இருக்கிறது, மாற்றும் எண்ணமும் இல்லை.

பணம் செலவழிப்பதாக இருந்தால் ஷாக் அப்சார்பரில் செலவழியுங்கள். மென்மையான ஸ்பிரிங், அதை நன்றாகக் கட்டுப்படுத்தும் தரமான ஷாக் அப்சார்பர். இந்த ஜோடியை மிஞ்ச எதுவும் இல்லை. திருகி மாற்றக்கூடிய வகையாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள்: திருகை மெதுவாக முழுதும் இறுக்கி, அங்கிருந்து எத்தனை கிளிக் தளர்த்துகிறீர்கள் என்று எண்ணிக்கொண்டே கடைசி வரை தளர்த்துங்கள். இடதும் வலதும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். தெரிந்த ஒரு சாலையில், மேடு பள்ளம் இரண்டும் உள்ளதாகப் பார்த்து, ஓட்டிப் பாருங்கள். கார் மிதக்கும். இரண்டிரண்டு கிளிக்காக இறுக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு நேரத்தில் முன்புறம் மட்டும் அல்லது பின்புறம் மட்டும்.

எங்கே நிறுத்துவது? எங்கள் காரில் அதை முடிவு செய்வது என் மனைவியின் நோட்டுப் புத்தகம். கிளம்பிய நேரம், பெட்ரோல் அளவு, திரும்ப வேண்டிய சாலையின் எண் எல்லாவற்றையும் பென்சிலால் ஓடும் காரிலேயே எழுதிக்கொண்டு வருவார். ஷாக் அப்சார்பர் இறுகிப்போன நாளின் பக்கத்தில் 1 எது 7 எது என்று பிரிக்க முடியாது, பென்சில் முனை தாளைக் குத்திய புள்ளிகள் வேறு. மிகத் தளர்ந்த நாளில் எழுத்து உருண்டையாக, தெளிவாக இருக்கும். வரி மட்டும் அலைபோல் ஏறி இறங்கும். அலை அடங்கி, எழுத்தும் உருக்குலையாமல் இருக்கும் இடத்தில் திருகை விட்டுவிடுவேன். கருவி வைத்து அளப்பவர்கள் அளக்கட்டும், எனக்கு இது போதும்.

ஒரு எச்சரிக்கை. பல ஷாக் அப்சார்பர்களில் அந்தத் திருகு முக்கியமாக மாற்றுவது, அமுங்கிய ஸ்பிரிங் மீளும் வேகத்தை. அளவுக்கு மேல் இறுக்கினால், அடுத்தடுத்து மேடு வரும்போது சக்கரம் மீண்டும் கீழே இறங்க நேரம் கிடைக்காமல் கார் படிப்படியாகத் தாழ்ந்து முட்டில் உட்கார்ந்துவிடும். ‘குலுங்குகிறதே, இன்னும் இறுக்கு’ என்றால் இன்னும் குலுங்கும்.

டயர்

முதல் எம்எக்ஸ்-5 1989-இல் வந்தபோது அதன் டயர் 185/60 ஆர்14 (அகலம் 185 மி.மீ., பக்கச் சுவர் அதில் 60 சதவீதம், சக்கரம் 14 அங்குலம்), சொல்லியிருந்த காற்றழுத்தம் 26 பி.எஸ்.ஐ. அளவும் அழுத்தமும் இன்றைய கண்ணுக்குச் சிறியவை. ஆனால் அந்த டயரின் பக்கச் சுவர் 111 மி.மீ. உயரம், அதுவே ஒரு ஸ்பிரிங். அதை 195/50 ஆர்15 ஆக மாற்றினால் மொத்த விட்டம் ஏறக்குறைய மாறாது, பக்கச் சுவர் 97 மி.மீ.க்கு இறங்கும். நல்ல டயர்கள் கிடைக்கும் அளவு என்பதால் அதுவரை சம்மதிக்கலாம். 17 அங்குலச் சக்கரத்தை மாட்டி 82 மி.மீ. சுவருடன் ஓடுவது புகைப்படத்துக்கு மட்டும் நல்லது.

காற்றழுத்தத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். டயர் கடைக்காரர் பழக்கத்தில் எல்லாக் காருக்கும் 33, 35 என்று அடித்துவிடுவார். எடை குறைந்த காருக்கு அது அதிகம். டயரின் நடுப்பகுதி மட்டும் சாலையைத் தொட்டு, கார் கல்லுக்குக் கல் துள்ளும். உங்கள் காரின் கதவோரத்தில் உள்ள தகட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் தொடக்கம். குளிர்ந்த டயரில், உங்கள் சொந்த அளவுமானியால் பாருங்கள்.

அகல டயருக்கு இன்னொரு குறை: எடை குறைந்த கார் அகலமான டயரைச் சாலையில் போதிய அளவு அழுத்தாது. மழைநீரில் சீக்கிரம் மிதக்கத் தொடங்கும், சாலையில் பள்ளக்கோடு இருந்தால் ஸ்டீயரிங்கை இழுக்கும். பந்தயத் தடத்துக்கென்றே வரும், வரிப்பள்ளம் குறைந்த டயர்கள் சூடேறினால்தான் பிடிக்கும். நிதானமாக ஓட்டும்போது அவை சூடேறவே ஏறாது. சாதாரண, நல்ல தரமான சாலை டயர் போதும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அது தயாரான வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. இந்தக் கார்கள் குறைவாக ஓடுவதால் டயர் தேய்வதற்கு முன் கிழடாகிவிடும். ஆறு வருடம் தாண்டியதை நான் நம்புவதில்லை.

அலைன்மென்ட், பிரேக்

முன்சக்கரங்களின் முன்விளிம்பு வெளியே விரிந்திருந்தால் வளைவில் கார் சுறுசுறுப்பாகத் திரும்பும். நேர்ச்சாலையில் அலைந்து கையை அயர்த்தும். பயணத்துக்கு முன்புறம் பூஜ்ஜியம் அல்லது மிகச் சிறிய டோ-இன் (முன்விளிம்பு உள்ளே குவிவது), பின்புறம் சிறிது டோ-இன் போதும். சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாயும் சாய்வு ஒரு டிகிரி அளவில் இருக்கட்டும். மூன்று டிகிரி வைத்துவிட்டு நெடுஞ்சாலையில் ஓடினால் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து போகும்.

பிரேக் பேட் சாலைக்கானதையே போடுங்கள். தடத்துக்கானவை குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது, கிறீச்சிடும். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. நீண்ட மலை இறக்கத்தில் கொதித்துப்போன திரவம் பெடலைத் தரைக்கு அனுப்பிவிடும்.

எந்தக் கார், எந்த மாடல்

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: ஒரே காரின் மென்மையான வகையையும் கடினமான வகையையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். பிரெஞ்சு ஸ்போர்ட்ஸ் காரான ஆல்பைன் ஏ110 நல்ல உதாரணம். 2017-இல் வந்த சாதாரண வகை மேடு பள்ளத்தை விழுங்கிக்கொண்டு போகும். 2019-இல் வந்த எஸ் வகைக்கு ஸ்பிரிங் சுமார் 50 சதவீதம் அதிகக் கடினம். பயணத்துக்கு நான் யோசிக்காமல் முதலாவதையே சொல்வேன்.

1996-இல் வந்த லோட்டஸ் எலீஸ் சுமார் 725 கிலோதான், சவாரியும் வியப்பூட்டும் அளவுக்கு மென்மை. ஆனால் அகலமான பக்கச் சட்டத்தைத் தாண்டி ஏறி இறங்க வேண்டும். கூரை மூடியிருக்கும்போது ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 1957-இன் லோட்டஸ் செவனிலிருந்து வளர்ந்த கேட்டர்ஹாம் இன்னும் இலகு. அதில் பயணம் போகிறவர்களைக் கும்பிடுகிறேன். உயரமோ பருமனோ உள்ளவர்கள் அதன் அகலமான எஸ்வி உடற்கூட்டைத் தேடுவது நல்லது.

இருக்கை, சத்தம், பை

பந்தய இருக்கை தோளைப் பிடிக்கும், இடுப்பின் உள்வளைவைக் கைவிட்டுவிடும். பழைய இருக்கையைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் நுரையை மாற்றிப் பாருங்கள். பல கார்களில் நுரை நொறுங்கித் தூளாகியிருக்கும். சத்தமான எக்ஸாஸ்ட் ஊருக்குள் பத்து நிமிடம் சுகம். நெடுஞ்சாலையில் இன்ஜின் 3,000 சுற்றைத் தாண்டி ஒரே வேகத்தில் நிற்கும்போது அது ஒரே சுருதியில் மண்டைக்குள் முழங்கும். கம்பெனி எக்ஸாஸ்டே உத்தமம். கூரையைத் திறந்து ஓடும்போது காற்று முன்னாலிருந்து அடிப்பதைவிடப் பின்னால் சுழன்று கழுத்தில் அடிப்பதுதான் தொல்லை. இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு தடுப்பு, பக்கக் கண்ணாடிகள் மேலே, அவ்வளவுதான்.

பைகள் மென்துணியில் இருக்கட்டும். இன்றைய எம்எக்ஸ்-5-இன் டிக்கி 130 லிட்டர். கடினமான பெட்டி ஒன்று வைத்தால் மீதியெல்லாம் மூலைகள்தான். கனமானவற்றை அடியில், இருக்கைக்கு நெருக்கமாக வையுங்கள். இன்ஜின் நடுவில் உள்ள கார்களில் பின் டிக்கி சூடாகும். மருந்தும் கேமராவும் அங்கே போகக் கூடாது. ஸ்டெப்னி இல்லாத காராக இருந்தால் பஞ்சர் ஒட்டும் சாமானும் சிறிய காற்றடிக்கும் கருவியும் எல்லாப் பைக்கும் மேலே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மழையில் சாலையோரம் நின்று டிக்கியைக் காலி செய்வதில் எந்தச் சுவாரசியமும் கிடையாது.