பட்டன் பேட்டரியில் எல்இடி: எரியாத விளக்கு தின்ற மின்சாரம்

எலக்ட்ரானிக்ஸ் பழகத் தொடங்கியிருக்கும் நாலைந்து பேர் பக்கத்தில் உட்கார்ந்து போன வாரம் முழுக்க வேடிக்கை பார்த்தேன். ஒருவர் கையில் சட்டையில் குத்தும் பேட்ஜ், இன்னொருவரிடம் பொம்மை வீடு, மற்றொருவரிடம் இருட்டில் மினுக்கும் காதணி. எல்லாமே ஒரே ஒரு பட்டன் பேட்டரியில் ஓட வேண்டியவை. மூன்றாம் நாள் வந்து ஆளாளுக்கு அதையே கேட்டார்கள்: "புது பேட்டரிதானே போட்டேன், அதற்குள் எப்படித் தீர்ந்தது அண்ணா?" பல வருடங்களுக்கு முன்னால் நான் கேட்டதும் இதைத்தான். தவறுகளும் அப்படியே என்னுடையவை, ஏறக்குறைய அதே வரிசையில்.

எல்இடியைத் திருப்பி மாட்டுவது, பேட்டரியின் இரண்டு முகத்தையும் ஒரே கம்பியால் தொட்டுவிடுவது இதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை செய்தால் தானாகவே புரிந்துவிடும். செய்த பிறகும் தவறென்று தெரியாமலே கிடக்கிறதே, அந்த வகைதான் ஆபத்து.

20 மில்லிஆம்பியர் கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைப்பது

எல்இடியின் விவரத்தாளில் 20 மில்லிஆம்பியர் என்று போட்டிருக்கும். அந்த அளவு மின்னோட்டத்தில் வைத்து வெளிச்சத்தை அளந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் அதற்குப் பொருள். இப்போது வருகிற பிரகாசமான சிவப்பு எல்இடிக்கு வீட்டுக்குள் 1 மில்லிஆம்பியர் தாராளம். இருட்டறையில் அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும்.

நம்பிக்கை இல்லையென்றால் சால்டர் இல்லாமல் குத்தி இணைக்கும் பிரட்போர்டில் ஒரே மாதிரி இரண்டு சிவப்பு எல்இடியை அருகருகே குத்துங்கள். ஒன்றுக்கு 220 ஓம் ரெசிஸ்டர், மற்றதற்கு 1 கிலோ ஓம். 3 வோல்ட்டில் முதலாவது சுமார் 5 மில்லிஆம்பியர் எடுக்கும், இரண்டாவது 1 சொச்சம். செலவு நாலு மடங்குக்கு மேல். பார்வைக்கு அப்படியா தெரிகிறது? பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும், தனியாகக் காட்டினால் எது எது என்று சொல்லத் தடுமாறுவீர்கள். கண் அப்படித்தான் வேலை செய்கிறது. மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் பாதியானதாக அதற்குத் தோன்றாது.

வெள்ளையும் நீலமும்

சிவப்பு எல்இடிக்கு 1.8 முதல் 2 வோல்ட் போதும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். நாம் போடும் பட்டன் பேட்டரியான சிஆர்2032 கொடுப்பதே 3 வோல்ட்தான். முதல் நாள் பளிச்சென்று இருக்கும், பேட்டரி 2.7-க்கு இறங்கியதும் மங்கிவிடும். உள்ளே மின்சாரம் நிறைய மிச்சம் இருக்கும், வெளியே எடுக்க வழி இருக்காது. வண்ணம் உங்கள் விருப்பம் என்றால் சிவப்பையோ மஞ்சளையோ எடுங்கள்.

விளக்கு அணைந்திருந்தால் செலவில்லை என்று நம்புவது

இந்தத் தவறை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

நண்பர் ஒருவர் குழந்தைகளை வைத்து நாடகம் போட்டார். அதற்கு மின்மினி பேட்ஜ் 24 செய்து தருவதாக வாய் கொடுத்துவிட்டேன். ஏடிடைனி85 என்ற எட்டுக் கால் மைக்ரோகன்ட்ரோலர் (நிரல் ஏற்றி ஓட்டும் குட்டி சிப்), ஒரு சிவப்பு எல்இடி, ஒரு 560 ஓம் ரெசிஸ்டர், ஒரு சிஆர்2032. இரண்டு வினாடிக்கு ஒருமுறை 20 மில்லிசெகண்ட் மட்டும் மினுக்க வேண்டும். காகிதத்தில் கணக்குப் போட்டேன். எல்இடி எரியும்போது 2 மில்லிஆம்பியர், நூறில் ஒரு பங்கு நேரம்தான் எரிகிறது, ஆக சராசரி 20 மைக்ரோஆம்பியர். பேட்டரியின் கொள்ளளவு 220 மில்லிஆம்பியர்-மணி. வகுத்தால் 11,000 மணி நேரம், அதாவது ஒரு வருடத்துக்கும் மேல். "சுவிட்ச் எதற்கு, மினுக்கிக்கொண்டே கிடக்கட்டும்" என்று சுவிட்சே வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு பேட்டரி போட்டேன். ஞாயிறு மாலை திரை தூக்கும்போது 24-ல் ஒன்றுகூட மினுக்கவில்லை. மேடையில் மின்மினிகள் இருட்டில் ஓடி விளையாடின, யார் கண்ணுக்கும் தெரியாமல்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய கூத்து. எல்இடிதான் மின்சாரத்தைத் தின்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். 560 ஓமை 1 கிலோ ஓம் ஆக்கினேன். இரண்டு நாள்தான் ஓடியது. 2.2 கிலோ ஓம் ஆக்கினேன். அப்போதும் இரண்டு நாள். வெளிச்சம் மங்கியதுதான் மிச்சம், ஆயுள் ஒரு மணி நேரம்கூடக் கூடவில்லை. பேட்டரி போலி என்று சந்தேகப்பட்டு வேறு பிராண்ட் வாங்கினேன். அதுவும் இரண்டு நாள். இதில் ஒரு மாதம் போனது. ரெசிஸ்டரை நாலு மடங்காக்கியும் ஆயுள் மாறவில்லை என்றாலே குற்றவாளி வேறு ஆள் என்று புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

கடைசியில் ஒரு நாள் மல்டிமீட்டரைப் பேட்டரியோடு தொடரில் வைத்தேன். அசையாமல் 4 மில்லிஆம்பியரில் நின்றது. எல்இடி மினுக்கியபோதும் 4, அணைந்தபோதும் 4. அந்த 20 மில்லிசெகண்ட் துடிப்பை மீட்டர் கவனிக்கவே இல்லை. அவ்வளவு அற்பம் அது.

நிரலில் எல்இடியை அணைத்துவிட்டு "டிலே 2000" என்று எழுதியிருந்தேன். எழுதும்போது மனதில் ஓடியது, "இரண்டு வினாடி சும்மா இரு". சிப்புக்கு நான் உண்மையில் சொன்னது, "இரண்டு வினாடி ஆகும்வரை விடாமல் எண்ணிக்கொண்டே இரு". நொடிக்கு 80 லட்சம் துடிப்பு வீதம் அது மூச்சுவிடாமல் எண்ணியது. 8 மெகாஹெர்ட்ஸில் 3 வோல்ட்டில் அப்படி விழித்திருக்க 4 மில்லிஆம்பியர் வேண்டும். சராசரியில் எல்இடி எடுத்ததைப்போல 200 மடங்கு. 220-ஐ 4-ஆல் வகுத்தால் 55 மணி நேரம். அந்த இழுப்பில் பேட்டரி முழுக் கொள்ளளவையும் தராது. போதாததற்கு, வோல்டேஜ் 2.7-க்குக் கீழே போனால் சிப்பை நிறுத்திவிடும் பிரவுன்-அவுட் காவலையும் நானே இயக்கி வைத்திருந்தேன். இரண்டு நாள் தாங்கியதே அதிசயம்.

கடையிலிருந்து வரும்போது அந்த சிப் 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும் என்பது இன்னொரு வேதனை. அப்படியே விட்டிருந்தால் 1 மில்லிஆம்பியருக்குள் முடிந்திருக்கும். ஒரு எல்இடியை மினுக்க 8 எதற்கு என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

சரி, திருத்தம். சிப்பை எண்ண விடாமல் தூங்க வைக்க வேண்டும். 'பவர்-டவுன்' என்ற ஆழ்தூக்கத்தில் எல்லாக் கடிகாரமும் நின்றுவிடும். உள்ளேயே இருக்கும் 'வாட்ச்டாக்' டைமர் மட்டும் விழித்திருந்து, சொன்ன நேரத்தில் தட்டி எழுப்பும். அதற்கு ஆகும் செலவு 5 மைக்ரோஆம்பியர் அளவுதான். வாட்ச்டாக்கில் 16 மில்லிசெகண்டிலிருந்து 8 வினாடி வரை படிகள் உண்டு.

பலரும் கவனிக்காத ஒன்றும் இதில் இருக்கிறது. தூங்கப் போகும்போது கால் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில்தான் நிற்கும். அதனால் எல்இடி எரியும் நேரத்திலும் சிப் விழித்திருக்கத் தேவையில்லை. எல்இடியைப் போட்டுவிட்டு 16 மில்லிசெகண்ட் தூங்கு, எழுந்து அணை, 2 வினாடி தூங்கு. இப்படி எழுதினால் எல்இடிக்கு 16, வாட்ச்டாக்குக்கு 5, ஆக 21 மைக்ரோஆம்பியர். காகிதத்தில் நான் போட்ட அந்த ஒரு வருடக் கணக்கு அப்போதுதான் உண்மையானது.

தூங்க வைத்தும் நூற்றுக்கணக்கில் மைக்ரோஆம்பியர் ஓடினால் மூன்று இடத்தில் பாருங்கள். அனலாக் அளவையெடுக்கும் ஏடிசியை அணைக்காமல் தூங்க வைத்திருப்பீர்கள், அது மட்டுமே சில நூறு எடுக்கும். பிரவுன்-அவுட் காவல் 20 அளவுக்கு எடுக்கும். எதிலும் இணைக்காமல் அந்தரத்தில் விட்ட உள்ளீட்டுக் கால்களும் காரணமாகலாம், அவற்றை புல்-அப் (காலை பிளஸ் பக்கம் இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) போட்டு ஒரு நிலையில் நிறுத்துங்கள்.

நாலாவதாக ஒன்று, இதில் நானே இரண்டு முறை விழுந்தேன். பட்டனுக்கு 10 கிலோ ஓம் புல்-அப் போடுவது வழக்கம். விட்டுவிட்டால் திறந்துகொள்ளும் பட்டனென்றால் பரவாயில்லை. தள்ளினால் அப்படியே நிற்கும் சுவிட்சை அங்கே வைத்தால், மூடியிருக்கும் நேரமெல்லாம் 0.3 மில்லிஆம்பியர் ஒழுகும். அது மட்டுமே 30 நாளில் ஒரு சிஆர்2032-ஐக் காலி செய்துவிடும்.

அளக்கும்போதும் ஏமாறுவோம். மீட்டரின் மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் மீட்டருக்குள்ளேயே நூறு ஓமோ அதற்கு மேலோ மின்தடை ஒளிந்திருக்கும். 500 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப் விழித்து 4 மில்லிஆம்பியர் இழுத்தால் 2 வோல்ட் மீட்டரிலேயே போய்விடும், சிப் ரீசெட் ஆகும், மறுபடி விழிக்கும், மறுபடி ரீசெட். தூக்கம் வேலை செய்யவில்லை என்று நிரலை இரவெல்லாம் குடைவீர்கள். நான் செய்வது இது: பேட்டரிக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் குறுக்கே ஒரு கம்பி. சோதனைக்காகத் தூக்கத்தை 8 வினாடியாக வைத்து, சிப் தூங்கியதும் கம்பியை எடுத்துவிட்டு ரெசிஸ்டரின் இரு முனையிலும் மில்லிவோல்ட் பார்ப்பேன். 5 மில்லிவோல்ட் என்றால் 5 மைக்ரோஆம்பியர். எழுவதற்குள் கம்பியைத் திரும்ப வைத்துவிட வேண்டும். கொஞ்சம் சர்க்கஸ்தான், ஆனால் பொய் சொல்லாது.

ஆர்டுயினோ யூனோ போர்டை அப்படியே மாட்டுவது

எல்இடி இல்லாமலே 45 மில்லிஆம்பியர் குடிக்கும். வேண்டாம்.

டிஜிட்டல் வண்ண எல்இடி

டபிள்யூஎஸ்2812 வகை, கருப்பாக இருக்கும்போதும் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 1 மில்லிஆம்பியர் எடுக்கும்.

பட்டன் பேட்டரியிடம் திடீரென்று நிறையக் கேட்பது

பேட்டரிமேல் சொல்லப்படும் 220 சொச்சம், மெதுவாக, 0.2 மில்லிஆம்பியர் அளவில் எடுத்தால் கிடைப்பது. வேகமாக இழுத்தால் குறையும். காரணம் அதன் உள்மின்தடை. புதிதில் 10, 20 ஓம் இருக்கும், வயதாக ஆக நூறைத் தொடும். நூறு ஓம் ஆன செல்லிடம் 10 மில்லிஆம்பியர் கேட்டால் 1 வோல்ட் உள்ளேயே தொலைகிறது. 3 வோல்ட் செல் அந்த நொடியில் 2 வோல்ட் செல்.

"பிடபிள்யூஎம் போட்டு, அதாவது படுவேகமாகப் போட்டு அணைத்து, மங்கலாக்கினேன், சிக்கனம்தானே" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். சராசரி குறையும், சரி. ஒவ்வொரு துடிப்பின் உச்சமும் அப்படியே இருக்கும், செல்லுக்கு அடி விழுவது அந்த உச்சத்தில். ரெசிஸ்டரைக் கூட்டினால் உச்சமே இறங்கும்.

அந்த உச்சத்தைத் தாங்க, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் போடலாமே என்பார்கள். போடலாம், கணக்குப் பார்த்து. 10 மில்லிஆம்பியரை 10 மில்லிசெகண்ட் தாங்க 100 மைக்ரோஃபாரட் வைத்தால் அது 1 வோல்ட் சரியும், உபயோகமில்லை. 1000 வைத்தால் 0.1 வோல்ட்தான் சரியும். ஆனால் அவ்வளவு பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் சும்மா இருக்கும்போதே சில பத்து மைக்ரோஆம்பியர் கசியக்கூடும். கஷ்டப்பட்டு 5-க்குத் தூங்க வைத்த சிப்புக்குப் பக்கத்தில் இப்படி ஓர் ஓட்டை வாளி.

சிஆர்2032-க்கு சார்ஜ் ஏற்றுவது

ஏற்றாதீர்கள். சார்ஜ் ஆகிற எல்ஐஆர்2032 வேறு சாதி: நிறைந்தால் 4.2 வோல்ட், கொள்ளளவோ 40 சொச்சம்தான்.

பேட்டரிமேலேயே சால்டர்

ஹோல்டர் வாங்குங்கள்.

திருகில்லாத மூடி

பொம்மையில் இது கூடவே கூடாது. குழந்தை விழுங்கிய பட்டன் பேட்டரி 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும்.

எதற்கெடுத்தாலும் பூஸ்ட் கன்வெர்ட்டர்

1.5 வோல்ட்டை 3 வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கும் குட்டி போர்டு கையில் இருந்தால் எல்லாவற்றிலும் செருகத் தோன்றும். 3 வோல்ட்டில் 10 மில்லிஆம்பியர் வேண்டுமென்றால், 80 சதவீதத் திறனில், அது 1.5 வோல்ட் செல்லிடமிருந்து 25 மில்லிஆம்பியர் உறிஞ்சும். எல்ஆர்44 என்ற சின்ன 1.5 வோல்ட் பட்டன் செல் அதற்கு ஈடுகொடுக்காது. எல்இடி அணைந்திருக்கும்போதும் கன்வெர்ட்டருக்கென்று தனிச் செலவு உண்டு. இடமிருந்தால் இரண்டு ஏஏஏ செல்லைத் தொடரில் போட்டு, சிவப்பு எல்இடியோடு நேராக ஓட்டுங்கள். கொள்ளளவு சிஆர்2032-ஐப் போல நாலைந்து மடங்கு, உள்மின்தடையும் ஒரு பொருட்டில்லை.

செத்துவிட்டது என்று தூக்கிப்போடுவது

மின்மினி நாடகத்திலும் அதற்கடுத்த மாதத்திலும் நான் கழித்துக்கட்டிய செல்கள் ஒரு பழைய டப்பாவில் கிடந்தன. ஒன்றோடொன்று உரசாமல் டேப் ஒட்டி வைத்திருந்தேன். உள்மின்தடை புரிந்த பிறகு ஒருநாள் எடுத்து அளந்தால், பாதிக்குப் பாதி 2.8 வோல்ட்டுக்கு மேல் காட்டின. 4 மில்லிஆம்பியர் கேட்டால் மயங்கி விழுகிற செல்கள், 20 மைக்ரோஆம்பியர் கேட்டால் வாய் திறக்காமல் கொடுத்தன. பிரவுன்-அவுட் காவலை எடுத்துவிட்டு, தூங்கத் தெரிந்த நிரலை ஏற்றி, அதில் ஒரு செல்லை ஒரு பேட்ஜில் போட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். மழைக்காலம் போய் வெயில் வந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவர் தேடி இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் இரண்டு வினாடிக்கு ஒருமுறை என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறது.