வால்வு ஆம்ப்ளிஃபயரில் வால்வை எப்போது மாற்றுவது?

சத்தத்தில் ஏதோ கோளாறு என்றதும் எல்லா வால்வையும் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) புதிதாக வாங்கிப் போடுவது வீண் செலவு. பெரும்பாலும் கெட்டிருப்பது ஒன்றுதான், சில சமயம் அதுவும் இல்லை.

ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வுகள் (இ.எல்.34, கே.டி.88 போன்றவை) சுமார் 1,500 முதல் 3,000 மணி நேரம் உழைக்கும். தினம் 2 மணி நேரம் பாட்டுக் கேட்டால் 2 முதல் 4 வருஷம். அவற்றுக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் சின்ன 12ஏ.எக்ஸ்.7 வால்வுகள் 5,000 மணி நேரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். அவற்றைக் கணக்குப் பார்த்து மாற்ற வேண்டாம், கெட்டால் மாற்றினால் போதும்.

இடது பக்கம் மட்டும் கரகரக்கிறதா? செட்டை அணைத்து, ஆறவிட்டு, அந்த வால்வையும் வலது பக்கத்து ஜோடியையும் இடம் மாற்றிப் போடுங்கள். கரகரப்பு வலது பக்கம் போனால் வால்வுதான் குற்றவாளி. அங்கேயே நின்றால் சாக்கெட், கெப்பாசிட்டர், வயர் பக்கம் தேடுங்கள். ஒரே வால்வு இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தால் இந்தச் சோதனை பயன்படாது. அங்கே நல்லதென்று தெரிந்த இன்னொன்றைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். சின்ன வால்வைப் பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டினால் லேசான 'டங்' கேட்கலாம், பரவாயில்லை. மணி போல நீண்டு ஒலித்தால் மாற்றிவிடுங்கள்.

கண்ணாடியின் உட்புறம் மின்னும் வெள்ளிப் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வோடு செட்டைப் போடவே கூடாது. பவர் வால்வின் கண்ணாடியை ஒட்டித் தெரியும் நீல ஒளியைக் கண்டு பலர் பயப்படுவார்கள், அது இயல்பு. உள் தகடுகளுக்கு நடுவே ஊதாப் புகை போலத் தெரிந்தால் வால்வுக்குள் வாயு இருக்கிறது. பிளேட் (உள்ளே இருக்கும் பெரிய தகடு) செக்கச்செவேல் என்று பழுத்தால் உடனே அணையுங்கள். அதே சாக்கெட்டில் வேறு நல்ல வால்வும் பழுத்தால், கப்ளிங் கெப்பாசிட்டர் (முந்தைய வால்விலிருந்து சிக்னலை மட்டும் கடத்துவது) கசிகிறது அல்லது பயாஸ் (வால்வில் ஓடும் மின்னோட்டத்தை அளவோடு வைக்கும் வோல்டேஜ்) வரவில்லை. எத்தனை வால்வு மாற்றினாலும் இந்தக் கோளாறு அவற்றையும் எரித்துவிடும்.

கழற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அடிமூடியைத் திறக்காதீர்கள், அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். பெரிய வால்வை அதன் கறுப்பு அடிப்பாகத்தில் பிடித்து, மெல்ல அசைத்து நேராக மேலே இழுங்கள்.

பவர் வால்வுகளை மேட்ச் செய்த (ஒரே அளவு மின்னோட்டம் இழுக்கும்) ஜோடியாக வாங்குங்கள். பயாஸ் தானாக அமையாத செட்டில் புதிதாகச் சரிசெய்தே ஆக வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அளவு இருந்தால் அதுவே சரி. இல்லையென்றால் கணக்கு இது: இ.எல்.34 தாங்குவது 25 வாட், அதில் 70 சதவீதம் 17.5 வாட். பிளேட்டில் 430 வோல்ட் இருந்தால் சுமார் 40 மில்லிஆம்பியர். கேத்தோடில் (வால்வுக்குள் எலக்ட்ரான்களை வெளிவிடும் முனை) 1 ஓம் ரெசிஸ்டர் இருக்கும் செட்டில் மல்டிமீட்டர் காட்டும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லிஆம்பியர். ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் செட்டைப் போடாதீர்கள். 20 நிமிஷம் சூடானதும் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை அளந்து பாருங்கள்.

ரெக்டிஃபயர் வால்வு (ஏ.சி. மின்சாரத்தை டி.சி. ஆக்குவது) இருக்கும் இடத்தில் 'பொருந்துகிறதே' என்று எதையாவது சொருகாதீர்கள். 5ஏ.ஆர்.4-ன் ஃபிலமென்ட் 1.9 ஆம்பியர் இழுக்கும். அதே சாக்கெட்டில் உட்காரும் 5யூ.4ஜி 3 ஆம்பியர் கேட்கும், டிரான்ஸ்ஃபார்மர் சூடாகிக் கருகிப்போகலாம்.