தீபாவளி மலருக்குச் சிறுவயதுத் தோழியைப் பற்றி எழுதும்போது

தீபாவளி மலருக்குக் கதை எழுத வேண்டும், அதில் சிறுவயதில் கூட விளையாடிய மலாய்த் தோழியோ சீனத் தோழனோ வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒரே ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து வருட நட்பை இரண்டு பக்கத்துக்குள் அடைக்கப் பார்த்தால் "ஒற்றுமையாக வாழ்ந்தோம்" என்ற வரிதான் மிஞ்சும். அப்படி இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

நான் வளர்ந்தது மலேசியாவில், கிம்மாஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். கிழக்குக் கரைப் பாதையும் மேற்குக் கரைப் பாதையும் சேரும் ஊர். அப்பா தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன், பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ரயில் கார்டு. அவர் மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. ஒரு தீபாவளியன்று அவள் நோன்பிருந்தாள் என்பது மட்டும் நினைவில் இருந்தது, வருடம் பிடிபடவில்லை. ஆங்கில ஆண்டைவிட இஸ்லாமிய ஆண்டில் சுமார் 11 நாள் குறைவு என்பதால் பெருநாள் வருடா வருடம் முன்னால் நகரும். ஏறக்குறைய 33 ஆண்டில் ஒரு சுற்று முடியும். 2004, 2005, 2006இல் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் சில நாள் இடைவெளியில் வந்தன. அங்கிருந்து பின்னால் எண்ணி, பழைய காலண்டரோடு ஒப்பிட்டதில் 1973 கிடைத்தது. எனக்கு அப்போது பத்து வயது.

வருடம் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சரியாக உட்காரும். இப்போது ஏழு மணியை ஒட்டி நோன்பு திறக்கிறார்கள் என்று அந்த நேரத்தையே கதையில் போட்டால் தப்பு. 1982 ஜனவரி 1க்கு முன் தீபகற்ப மலேசியாவில் கடிகாரம் அரை மணி நேரம் பின்தங்கி இருந்தது. அந்த அக்டோபரில் ஆறரைக்குள் பாங்கு கேட்டுவிடும்.

அப்புறம் அடுப்படிக்குப் போங்கள். இரு வீட்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசமும் அன்பும் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். அம்மா தீபாவளிக்கென்று வளர்த்த சேவலைப் பக்கத்து வீட்டுப் பாக்சிக்கிடம், அதாவது தோழியின் அப்பாவிடம், கொடுத்து அறுத்து வாங்குவார். அவர்களுக்கான கறிக்கு ஒரு தனிச் சட்டி, வேறெதற்கும் அதைத் தொட மாட்டார். முறுக்கும் நெய் உருண்டையும் சாமிக்குப் படைப்பதற்கு முன்பே ஒரு மில்க்மெய்ட் டின்னில் எடுத்து வைத்துவிடுவார், படைத்ததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்பதால். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. டின் திரும்பி வரும்போது காலியாக வராது. பெருநாளன்று அதற்குள் கெத்துப்பாட், ஓலைப் பின்னலில் வேக வைத்த சோறு, இருக்கும். இந்த மாதிரி இரண்டு பொருள் கிடைத்தால் போதும், கதை பாதி எழுதியாயிற்று.

அதே அடுப்படியில் அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயியும் இருந்தார். என் தோழி தண்ணீர் குடித்த டம்ளரை அவர் தனியாகக் கவிழ்த்து வைப்பார். இதை விட்டுவிட்டு எழுதலாமா என்று நெடுநாள் யோசித்தேன். விடக் கூடாது. கோலாலம்பூரில் 1969 மே 13 இனக் கலவரம் நடந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. கோலாலம்பூர் என்ற பேச்சு வந்தாலே பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். இதெல்லாம் இருந்த வீட்டில்தான் அந்த டின்னும் இருந்தது. டம்ளரை மறைத்தால் அம்மாவின் டின்னுக்கு எடை இல்லாமல் போய்விடும்.

பேச்சைத் திருத்தாதீர்கள். நாங்கள் பேசியது பாதி மலாய், பாதி தமிழ். அவள் என் அம்மாவை ஆச்சி என்பாள், நான் அவள் அம்மாவை மக்சிக் என்பேன். "ஆச்சி, சாயா புவாசா" என்று அவள் வாசலில் நின்று சொன்னதை அப்படியே விட்டிருக்கிறேன். மலேசியத் தமிழருக்கு விளங்கும். மற்றவர்கள் அவள் எதையும் வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டதிலிருந்து புரிந்துகொள்வார்கள். அவளை வரிக்கு வரி "மலாய்த் தோழி" என்றும் எழுத வேண்டாம். ஒரு முறை சொன்னால் போதும், அப்புறம் அவள் அவள்தான்.

கடைசியாக, கதையில் உங்கள் தவறு ஒன்று வரட்டும். என்னுடையது இது: அன்று மத்தியானம் குளியலறைக்குப் பின்னால் ஓர் அதிரசத்தை நீட்டி, யாரும் பார்க்கவில்லை, சாப்பிடு என்று வற்புறுத்தினேன். சாப்பிட்டாள். பிறகு தேம்பி அழுதாள். அதுவரை ஒரு நோன்பும் விட்டதில்லையாம். மக்சிக் என்னைத் திட்டவில்லை. சின்னப் பிள்ளைதானே, பரவாயில்லை என்று அவளைத்தான் தேற்றினார். ஆனாலும் பெருநாள் முடிந்து அவளாகவே ஒரு நாள் நோன்பு பிடித்தாள். நானும் அவளோடு பட்டினி கிடந்தேன், சாயங்காலம் நாலு மணி வரை தாங்கினேன். இந்தப் பகுதியை எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது. எழுதி முடித்தபோதுதான் அது எங்கள் இருவரின் கதை ஆயிற்று.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அந்தத் தோழி இருந்தால் அவரிடம் படித்துக் காட்டுங்கள். பெயரைப் போடலாமா என்று கேளுங்கள். என் தோழி வேண்டாம் என்றாள், போடவில்லை. தொலைபேசியில் முழுவதையும் மலாயில் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள், அது அதிரசம் இல்லை, உருண்டை, கையில் உதிர்ந்தது என்று. நீ வற்புறுத்தினாய் என்பதும் சரியில்லை, எனக்கும் ஆசையாக இருந்தது, அதனால்தான் அவ்வளவு அழுதேன் என்றாள்.

அதிரசத்தை அடித்துவிட்டு நெய் உருண்டை என்று எழுதினேன். அவள் சொன்ன மற்றதையும் சேர்த்துக்கொண்டேன்.