“எங்க ஊரை ஏன் எடுக்கல?”: கேட்பதற்கு முன்

பஸ் ஸ்டாண்ட் கூரை ஒழுகுகிறது, சாக்கடை ரோட்டில் ஓடுகிறது, “இந்த ஊருக்குத்தானே முதலில் ஸ்மார்ட் சிட்டி பணம் வந்திருக்கணும்?” என்று கேட்காத ஆள் இல்லை. கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஊர் எவ்வளவு மோசமோ அவ்வளவு சீக்கிரம் பணம் வரும் என்று நினைப்பதுதான் முதல் தவறு.

2015 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டம் போட்டி வைத்து ஊர்களை எடுத்தது. முதல் சுற்று மாநிலத்துக்குள்ளேயே நடந்தது. மதிப்பெண் எதற்கெல்லாம் தெரியுமா? போன மாதம் வரை ஊழியர்களுக்குச் சம்பளம் போட்டாயிற்றா, 2012-13 வரை தணிக்கை முடிந்ததா, குடிநீர்ச் செலவில் எவ்வளவு கட்டணமாகத் திரும்ப வருகிறது, ஆன்லைனில் புகார் கொடுக்க முடியுமா. இணையதளத்தில் மாதச் செய்திமடல் ஒன்றைப் போட்டிருந்தால் அதற்கும் மதிப்பெண்! சம்பள பாக்கி வைத்திருக்கும் நகராட்சிக்குத்தான் கைகொடுக்க வேண்டும். அதுவோ வாசலிலேயே பின்தங்கியது. என்னைக் கேட்டால் திட்டத்தின் பெரிய கோளாறு இதுதான்.

“நம்ம எம்.பி. சரியில்லை” என்று முடித்துவிடுவதும் சரிவராது. எந்த மாநிலத்துக்கு எத்தனை ஊர் என்பதை நகர்ப்புற மக்கள்தொகை, நகரங்களின் எண்ணிக்கை இரண்டுக்கும் சம எடை கொடுத்துக் கணக்கிட்டார்கள். தமிழ்நாட்டுக்கு 12. செல்வாக்குக்கு இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 2016 ஜனவரியில் முதலில் தேர்வான 20 ஊர்களில் சென்னையும் கோவையும் இருந்தன, ஈரோடு 2018 வரை காத்திருந்தது, திண்டுக்கல் கடைசிவரை தேறவில்லை.

தேர்வான ஊர்க்காரர்கள் வேறு விதமாக ஏமாந்தார்கள். ஊரே மாறப்போகிறது என்று நம்பினார்கள். நாடு முழுவதும் உள்ள ஊர்களோடு மோதிய இரண்டாம் சுற்றின் 100 மதிப்பெண்ணில் 55, ஊரின் ஒரு பகுதியை மட்டும் மேம்படுத்தும் திட்டத்துக்கு. ஊர் முழுவதற்குமான யோசனைக்கு வெறும் 15. சென்னையில் அந்தப் பகுதி தி.நகர். பாண்டி பஜாரின் அகலமான நடைபாதையில் சாயங்காலம் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள், தாத்தாக்கள் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். வியாசர்பாடிக்காரர் அதைப் பார்க்க பஸ் ஏறித்தான் வர வேண்டும்.

பணம் முழுக்க டெல்லியிலிருந்து வந்ததாக நினைக்கவும் வேண்டாம். ஊருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் மத்திய அரசு தந்தால், அதே அளவை மாநிலமும் உள்ளாட்சியும் போட வேண்டும் என்பது விதி.

மனு எழுதுகிறவர்கள் திட்டத்தின் பெயரையும் பார்த்து எழுதுங்கள். ஸ்மார்ட் சிட்டி 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. 2021-இல் வந்த அம்ருத் 2.0 (ஊர்களின் குடிநீர், சாக்கடை வசதிக்கான மத்திய அரசுத் திட்டத்தின் இரண்டாம் கட்டம்), அதில் போட்டி கிடையாது, குடிநீருக்குப் பேரூராட்சிகள்கூட உண்டு. பாதாளச் சாக்கடையோ முதல் அம்ருத்தில் இருந்த 500 ஊர்களுக்கு மட்டும். இரண்டையும் ஒரே மனுவில் கேட்கும் சின்னப் பேரூராட்சி, பாதி மனுவை வீணாக எழுதுகிறது.